அம்மா பாடிக் கொடுத்த கேசட்

மிளகும் பனங்கற்கண்டும் ஒன்றாகக் கரைந்து தொண்டையில் இறங்கும் காரத்தோடுதான் எனக்குப் பாட்டுக்காரச் சம்பந்தம் மாமாவின் நினைவு வரும்; மேடையேறும் முன் தொண்டைக்காகத் தான் மெல்வதில் எனக்கும் கொஞ்சம் தருவார். கள்ளிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீடு. பகலில் பாடிப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, எண்பதுகளில் அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை எந்தக் கோயில் திருவிழாவானாலும் 'பாட்டுக் கச்சேரி' மேடையைத் தன் குழுவோடு கட்டி ஆண்டவர் அவர். அவர் உருகிப் பாடினால் பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கோ அவர் தெய்வம், அந்த வயதுப் புத்தி அவ்வளவுதான்.

அந்தக் குழுவின் பெண்குரல் என் அம்மா. மாமா மெட்டமைத்த அம்மன் பாட்டுகள் கேசட்டாக வரப்போகின்றன என்றானதும், "உன் கொரலு ஊரு பூரா கேக்கப் போவுது பாரும்மா" என்று சொல்லி அம்மாவை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். இரண்டு நாள் பாடிவிட்டு வந்த அம்மா, குழாயடியில் ஒருவர் விடாமல் சொன்னாள். கொரட்டூர் அத்தைக்குக் கார்டுகூடப் போட்டாள்.

ஆடி மாதம் கோயில் ஸ்பீக்கரில் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். புதுப்புடவையில் நின்ற அம்மாவைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. பாடியது வேறொரு பெண். அம்மா இழுத்த இடத்தில் இழுத்து, மூச்சு வாங்கிய இடத்தில் வாங்கி, அச்சு அசலாக, ஆனால் வேறு குரலில்.

அந்தத் தொழிலில் அது வழக்கமாம். பெயர்பெற்ற பாடகி கேட்டுப் பழகுவதற்காக முதலில் வேறொருவரைப் பாடவைத்துப் பதிவுசெய்வார்களாம்; 'டிராக்' என்பார்களாம்; பிறகு அந்தக் குரலை அழித்துவிடுவார்களாம். மாமாவுக்கு முதல் நாளே தெரியும். "கம்பெனிக்காரன் பேரு எடுத்தவங்கதான் வேணும்னான், நான் இன்னா பண்றது" என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார். கேசட் அட்டையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ள மட்டும் அவர் மறக்கவில்லை. அம்மா உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

அதன்பின் அம்மா மேடையேறவில்லை, அடுப்படியில் பாட்டு முணுமுணுப்பதும் நின்றுபோயிற்று. மாமாவோ அந்தக் கேசட்டால் பேரெடுத்து, தொண்ணூறுகளில் வேறு பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். நான் அவரை மன்னிக்கவே இல்லை.

போன மாதம் அவர் இறந்துபோனார். இப்போது எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் பாட்டுக் குழுக்களைப் பார்ப்பதே அரிது. அம்மாவின் குரல் எந்த நாடாவிலும் இல்லை. அறுபதைத் தாண்டியபின் பாடச் சொன்னாலும் தொண்டை ஒத்துழைப்பதில்லை. அம்மாவிடம் செய்தியைச் சொல்லிவிட்டு, அடக்கமாட்டாமல் அவரைத் திட்டத் தொடங்கினேன்.

"டிராக்குனு சொல்லிட்டே இட்டுகினு போயிருக்கலாம்டி," என்றாள் அம்மா. "அவரு கேட்டிருந்தா அதையும் பாடிக் குடுத்திருப்பேன்."