வலது கால்

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் வேண்டும். அந்த வருசம் எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியக் குழுவின் சார்பில் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். கல் தூசி அவர் பாத வெடிப்புகளில் நிரந்தரமாகக் குடியிருந்தது. சாமியார் அந்தக் காலைக் கழுவுவார், துடைப்பார், குனிந்து முத்தமும் கொடுப்பார். என் வகுப்பில் பாதிப் பேர் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். எனக்கு ஒன்பது வயது. மானம் போவதற்கு அது போதுமான வயது.

சாமியார் கழுவப் போகும் காலை முதலில் வீட்டிலேயே கழுவிக்கொண்டு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அவர் கையில் அழுக்குப் பட்டால் அடுத்த வருசம் வரை பேசுவார்கள். அம்மா பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சைத் தோலும் எடுத்து வைத்தாள். அப்பா காலைக் காட்டவே இல்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, சுடுதண்ணியில ஒரு கை உப்புப் போட்டுக் கொண்டாம்மா. அம்மாகிட்ட சொல்லாத."

உப்பு போட்டால் தூசி கழன்று வந்துவிடும் என்று நினைத்து, இரண்டு கை போட்டுக் கொண்டுபோனேன்.

கோயிலில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒன்பதாவது ஆள். வலது காலை மட்டும் நீட்ட வேண்டும் என்று உபதேசியார் முன்னமே சொல்லி வைத்திருந்தார். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவ வந்தபோது பேதுரு முதலில் மறுத்ததை வாசித்தார்கள். அவர் காலும் அப்பா காலைப் போலத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இந்தத் தண்ணீர் கால் அழுக்குக்கு இல்லை, உள்ளத்து அழுக்குக்கு என்று சாமியார் பிரசங்கம் செய்தார். அது என் காதில் ஏறவில்லை. அப்பாவுக்கு முன்னால் இன்னும் எத்தனை கால்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் முறை வந்தது. அவர் இடது காலை நீட்டினார். வலது கால் செருப்போடு பெஞ்சுக்கு அடியில் பதுங்கியிருந்தது.

"வலது காலுங்க, வலது காலு" என்று உபதேசியார் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

அப்பா தலை குனிந்துகொண்டார். "இதே போதுங்க சாமி."

சாமியார் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த இடது காலையே கழுவி முத்தமிட்டார். எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உங்கப்பாவுக்குச் சோத்துக்கை பக்கம் எதுவென்று தெரியாதா என்று ஒருத்தி என் காதில் கேட்டாள். செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்து மறுபடியும் உப்புத் தண்ணீர் கேட்டார்.

"அதான் சாமியாரு கழுவிட்டாருல்ல, இன்னும் எதுக்கு? நான் மாட்டேன்."

அப்பா சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வலது பாதத்தை முழுதாக ஊன்றாமல் அவரே அடுப்படிக்குப் போனார். என் கோபத்துக்கு அதுவும் வீம்பாகத்தான் தெரிந்தது.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் பல வாரங்களாக அழுகிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால் அது. விசயம் வெளியே தெரிந்தால் முதலாளி லாரியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்று பயந்து மறைத்திருக்கிறார். அந்தக் காலில் யாரையும் முத்தமிட வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. ஆடி மாதம் திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அந்தக் காலை அவர் அம்மாவிடம் காட்டவில்லை, சாமியாரிடமும் நீட்டவில்லை. அதைக் கழுவத் தண்ணீர் கேட்டது என்னிடம் மட்டும்தான் என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.