எல்லோருக்கும் பின்னால் ஸ்வர்ணலதா

பொறுமைசாலி என்று ஒருத்திக்குப் பெயர் விழுந்துவிட்டால் அத்தோடு அவள் தொலைந்தாள். ஊரில் உள்ளவர்களின் மூச்சிரைப்பு, கால்பிடிப்பு, பஞ்சர் எல்லாம் அவள் தலையில்தான் விடியும். தி.நகர் ஸ்வர்ணலதாவுக்கு அந்தப் பெயர் முதலில் கடையில் விழுந்தது. அதன் முழுப் பலனையும் மலைக்குப் போய் அனுபவித்தாள்.

கடை என்றால் பாண்டி பஜாருக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கவரிங் நகைக்கடை. சாத்தான்குளத்திலிருந்து வந்த மாமனார் போட்டது. இப்போது புருஷன் சுரேஷ்குமார் பார்க்கிறார். வளையல் பக்கம் இவள் பொறுப்பு. கல்யாணப் பெண் அத்தை, சித்தி படையோடு வந்து உட்கார்ந்து, இருக்கிற பெட்டியையெல்லாம் திறக்க வைத்து, கடைசியில் அப்புறம் வருகிறோம் என்று எழுந்து போகும். இவள் முகம் கோணாமல் பெட்டிகளை மூடுவாள். என் பெண்டாட்டிக்குத் தங்கமான குணம் என்று சுரேஷ்குமார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். குணமாவது மண்ணாவது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

நாற்பதை நெருங்கும்போது சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். பூங்காவில் நடந்தால் கூட வருகிற பெண்கள் யார் வீட்டு மருமகள் என்ன செய்தாள் என்பதையே சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். சர்க்கரையே தேவலை என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. நந்தனத்தில் ஒரு மைதானத்தில் பெரிய பெண்களுக்கு சைக்கிள் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முட்டி தேய விழுந்தாள். "ஏட்டி, மருமக எடுக்குற வயசுல உனக்கு எதுக்கு சைக்கிளு?" என்றார் சுரேஷ்குமார். மறுநாளும் போனாள்.

கிஷோரை அங்கேதான் தெரியும். நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன், ஆழ்வார்பேட்டை ஜிம் ஒன்றில் பயிற்சியாளர். படகு ஏறவேண்டிய கால் பெடலில் ஏறிவிட்டது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவன் ஒரு சைக்கிள் கூட்டம் வைத்திருந்தான். வார நாட்களில் தேனாம்பேட்டையில் கூடி அடையாறு, திருவான்மியூர் கடற்கரை மணல் என்று ஓட்டுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, வேனில் ஜவ்வாது மலை. காட்டு மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் வைத்த சைக்கிள்கள். இவளும் ஒன்று வாங்கினாள்.

முதல் தடவை மலையிறங்கியபோது அவளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சாமைக் கொல்லையின் ஓரம், பிறகு மூங்கில், பிறகு பள்ளத்தாக்குக்குள் விழுகிற செம்மண் தடம். கல் எங்கே வரும், எங்கே பின்னால் சாய வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே அவள் உடம்புக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த உடம்பு வேறு யாருடைய வேலைக்கோ இருந்தது. அன்றைக்குத்தான் அது தன்னுடையது என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டாவது தடவையே பறிபோனது. கூட்டத்தில் ஒருவருக்குக் கால் பிடித்துக்கொள்ள, எல்லோரும் போய்விட்ட பிறகும் இவள் நின்று தேய்த்துவிட்டுக் கூட்டிவந்தாள். கிஷோர் பார்த்துவிட்டான். மலைக்குப் போகிற எந்தக் கூட்டத்துக்கும் ஸ்வீப் என்று ஓர் ஆள் வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் வருகிற ஆள். பஞ்சர் சாமான், கட்டுத்துணி, உபரித் தண்ணீர் எல்லாம் அந்த ஆளின் முதுகுப் பையில். சட்டம் ஒன்றுதான்: யாரையும் தாண்டக் கூடாது. முன்னால் போகிறவன் நின்றால் நிற்க வேண்டும், உருட்டினால் உருட்ட வேண்டும்.

"அக்கா, பின்னாடி நீங்க கீறீங்கன்னா எனக்கு டென்ஷனே இல்ல" என்றான் கிஷோர். பாராட்டு மாதிரிதான் இருந்தது. மாட்டுக்கு மாலை போட்டுவிட்டு நுகத்தடியில் கட்டுகிற பாராட்டு.

வருஷங்கள் ஓடின. அத்தனை இறக்கத்தையும் அவள் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். மற்றவர்களுக்குத் தொடை வலிக்கும், இவளுக்கு விரல் வலிக்கும். கீழே ஏரிக்கரை டீக்கடைக்கு இவள் வந்து சேரும்போது மற்றவர்கள் டீ குடித்து, கதை பேசி, போட்டோ எடுத்து முடித்திருப்பார்கள். அக்கா வந்தாச்சு, கிளம்பலாம் என்று எழுந்துவிடுவார்கள். அங்கே யாரும் தலையை எண்ணுவதில்லை. அவள் வந்தால் எல்லோரும் வந்தாயிற்று என்று கணக்கு. அவள் டீயை ஊதி ஊதி வேனில் ஏறிக் குடிப்பாள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முன்னால் யாரும் இல்லாமல் அந்த மலையைத் தன் வேகத்தில் இறங்க வேண்டும். கேட்டாள். அடுத்த மாசம் அக்கா என்றான் கிஷோர். அடுத்த மாதம் புது ஆட்கள் வந்தார்கள், அதற்கடுத்து மழை வந்தது. பொறுமைசாலி கேட்டால் அவசரமில்லை என்று உலகத்துக்கு ஓர் எண்ணம்.

அப்புறம்தான் மூணு ஓடைப் பாதைக்குத் தார் போடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. உச்சிக் கோயிலிலிருந்து ஏரி வரை, ஒரே ஓடையை மூன்று இடத்தில் கடக்கிற தடம். அவளுக்கு உயிரான இறக்கம் அதுதான். மலைச் சனங்களுக்கு ரோடு வருவது நல்லதுதான், அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் அதற்குமுன் தனக்கு ஒரு ஞாயிறு வேண்டும்.

"இந்த வாட்டி நான்தான் முன்னாடி. இல்லைன்னா நான் வரலை" என்றாள் கிஷோரிடம். அவள் குரல் அப்படி இருந்து அவன் கேட்டதில்லை. சரி, பின்னால் நானே வருகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

அன்று காலை உச்சியில் தன் பையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். யாரையும் தாண்டாதே என்று இரண்டு முறை சொன்னாள். மயிலாப்பூர் சாய்சரண், கூட்டத்துக்கு வந்து சில மாதமே ஆன கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், கைதட்டி வழியனுப்பினான். இறங்கினாள்.

வண்டி பறந்தது என்று சொன்னால் பொய். அவள் ஓட்டினாள். சாமைக் கொல்லை திருப்பத்தில் பிரேக்கைத் தொடவில்லை. முதல் ஓடையில் தண்ணீர் முழங்கால் வரை அடித்தது. இரண்டாவது ஓடையின் வழுக்குப் பாறைகளில் இடது ஓரம் பிடித்து ஏறினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கடையில், வீட்டில், காட்டில் எங்குமே கத்தியிராத கத்தல் அது. ஏரிக்கரைக்கு வந்தபோது டீக்கடைக்காரர் அடுப்பைக்கூடச் சரியாக மூட்டியிருக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு கிஷோர், பல் வரை சேறு, வாய் நிறையச் சிரிப்பு. அவனை ஒட்டியே இன்னும் சிலர். பின்னால் வரவேண்டியவன் வந்துவிட்டான், ஆகவே எல்லோரும் வந்தாயிற்று என்று இவள் நினைத்தாள். அக்கா உட்கார்ந்திருக்கிறாள், ஆகவே எல்லோரும் வந்தாயிற்று என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சைக்கிள்களை லாரியில் ஏற்றி, இரண்டு வேனிலும் ஏறிக் கிளம்பிவிட்டார்கள்.

ஆற்காட்டுக்குப் பக்கத்தில் சாப்பிட இறங்கியபோதுதான் சாய்சரண் எங்கே என்ற கேள்வி வந்தது. இந்த வேன்காரர்கள் அந்த வேனைக் காட்டினார்கள், அந்த வேன்காரர்கள் இந்த வேனை. கிஷோரின் முகம் வெளுத்தது. முதல் ஓடை வரை பின்னால்தான் வந்தானாம். அதற்குமேல் முடியவில்லை. பிறந்ததிலிருந்து யார் பின்னாலும் ஓட்டிப் பழகாதவன். மெதுவாகப் போனவர்களைத் தாண்டும்போது, அக்காதான் பின்னால் இருக்கிறாரே என்று பழக்கத்தில் தோன்றியதாம். கனமாக இருக்கிறது என்று பையை உச்சியிலேயே, சைக்கிள் ஏற்றிவந்த லாரியில் போட்டிருந்தான்.

திரும்பிப் போய்த் தேடினார்கள். இரண்டாவது ஓடையில், பெரிய பாறைக்குக் கீழே கிடந்தான் சாய்சரண். தொடை எலும்பு முறிந்து, இடுப்பு வரை தண்ணீரில், உதடு நீலம் பாரித்து. மலைக்காரர்கள் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே கூட்டத்தில் ஒருவர் இவளைப் பார்த்து, அக்கா, நீங்கள் பின்னால் வரவில்லையா என்று கேட்டார். காலையில் ஏரிக்கரையில் இவளுக்குக் கைகொடுத்து வாழ்த்தியவர்தான் அவர்.

சென்னைக்கு வந்த பிறகு வாட்ஸப்பில் பஞ்சாயத்து நடந்தது. தப்பு என்னுடையதுதான் என்று கிஷோர் எழுதினான். உடனே அவன் பெரிய மனசை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒப்புக்கொண்டவனுக்குப் புகழ் போய்ச் சேர்ந்துவிட்டதால் தப்பு மட்டும் போக இடமில்லாமல் நின்றது. அவரவர் இடத்தில் அவரவர் இருந்தால்தான் கூட்டம் என்று ஒருவர் பொதுவாக எழுதினார். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. எத்தனையோ பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். வீட்டில் சுரேஷ்குமார், "ஆசைப்பட்டல்லா, இப்ப பாரு" என்றார். அந்தச் சொல் அவளைச் சுட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு காலை ஆசைப்பட்டாள். அதற்கு ஒருத்தன் எலும்பு விலை என்றால் அது எந்த ஊர் நியாயம்?

மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாய்சரண் ஒருவனாவது, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. சாய்சரணின் அம்மா மரியாதையாக நாற்காலி போட்டுவிட்டு வெளியே போனாள். அவன் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அன்னைக்கு நான் முன்னாடி போனேம்பா. கிஷோர்தான் பின்னாடி வரணும். உனக்குத் தெரியும்லா?"

"தெரியும் அக்கா. கைதட்டினதே நான்தானே" என்றான். "விழுந்தப்புறம் மூணு நாலு பேர் பாறைக்கு அந்தப் பக்கமா என்னைத் தாண்டிப் போனா. ஒரு குரல் கொடுத்திருந்தா நின்னிருப்பா. நான்தான் கொடுக்கலை."

"ஏன்பா?"

"நீங்க பின்னாடி வந்துண்டிருப்பேள்னு. முன்னாடி போனதைக் கண்ணால பார்த்தேன். ஆனாலும் அப்படித்தான் தோணித்து. லதாக்கா எப்படியும் வருவா, எதுக்கு மத்தவா ரைடைக் கெடுக்கணும்னு பேசாம கெடந்தேன்."

அவன் குரலில் குற்றமே இல்லை. இருந்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள். எல்லோர் கண் முன்னாலும் முதல் ஆளாக இறங்கியும், ஒருவன் கண்ணிலும் அது தங்கவில்லை. சாகக் கிடந்தவன்கூட அவளைப் பின்னால்தான் தேடியிருக்கிறான்.

"கால் சரியானதும் வருவேன். நீங்க பின்னாடி வர்றதா இருந்தா அம்மா விட்டுடுவா. வருவேள் இல்லையா?"

அவன் முகத்தைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வாரேம்பா" என்றாள்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. வாட்ச்மேன் எழுந்து வந்து, உள்ளே இருப்பது மகனா என்று விசாரித்தார். தெரிந்த பையன், கால் முறிந்துவிட்டது என்றாள். சின்ன வயசு, சீக்கிரம் கூடிவிடும், அழாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். அவன் காலுக்காக அவள் அழவில்லை. அதை அவரிடம் சொல்ல முடியாமல் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள்.