யோகேஸ்வரியின் முறுக்கு வகுப்பு

ஜொகூரின் துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் ரகசியம் காக்க லாயக்கில்லாத ஆள் யார் என்று கேட்டால், குரலை மட்டும் வைத்துச் சொல்பவர்கள் யோகேஸ்வரியைத்தான் காட்டுவார்கள். இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறாள். பழைய டீசல் எஞ்சினுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதில், எஞ்சின் நின்ற பிறகும் குரல் நிற்பதில்லை. அவள் காதோடு காதாக ஒரு சங்கதி சொன்னால், அடுத்த தெருவில் துணி காயப்போடுகிறவர்கள் "அப்புறம்?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவள் தலையில்தான், ஊரிலேயே அதிகமாக வாயைக் கட்ட வேண்டிய வேலை வந்து விழுந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு காலை, ஷிஃப்ட் முடிந்த ஆட்களை எல்லாம் இறக்கிவிட்ட பிறகும் கடைசி இருக்கையில் ஒரு பையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். "வேனு இதுக்கு மேல போகாது லா தம்பி, எறங்கு" என்றாள். அவன் அழ ஆரம்பித்தான். அவனுக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்பது வீட்டில் தெரிந்துபோய், அப்பா துணிமணிகளை வெளியே வீசிவிட்டாராம். யோகேஸ்வரிக்கு அந்த விஷயம் பாதிதான் புரிந்தது. அவன் முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை என்பது முழுதாகப் புரிந்தது. நேராகத் தன் வீட்டுக்கு வண்டியை விட்டாள். அவள் கணவர் சதாசிவம் ஒன்றும் கேட்காமல் ஆறு தோசை சுட்டுப் போட்டார். பையன் மூன்று மாதம் தங்கிவிட்டுப் போனான்.

போனவன் சும்மா போகவில்லை, நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போனான். பையனைப் பிடிக்கும் பையன்கள், பெண்ணைப் பிடிக்கும் பெண்கள், வீட்டில் வேட்டியும் வெளியில் சேலையுமாகத் திண்டாடிய ஒரு திருநங்கை என்று ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். வேலைக்குப் போவதற்கு அல்ல, பேசுவதற்கு. அவர்களுக்கு வாடகைக்கு அறை பார்த்துக் கொடுப்பது, கிளினிக்குக்குக் கூடப் போய் உட்கார்வது, நேர்முகத் தேர்வுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுவது என்று யோகேஸ்வரியின் ஞாயிற்றுக்கிழமைகள் காணாமல் போயின.

நாலு வருடத்துக்கு முன்பு லோஷினி வந்து சேர்ந்தாள். ஜொகூர் பாருவில் மனநல ஆலோசகராக இருப்பவள், முறையாகப் படித்தவள். மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கு மேலே ஓர் அறையை எடுத்து, சுவரில் மூன்று விதிகளை எழுதி ஒட்டினாள். முதலில் காது, பிறகு வாய். கேட்டால் மட்டும் புத்தி சொல்லவும். யாருக்கும் கட்டாயப்படுத்திச் சோறு ஊட்டக் கூடாது. மூன்றும் தனக்காகவே எழுதப்பட்டவை என்பதை யோகேஸ்வரி புரிந்துகொண்டாள், மூன்றையும் வாரம் தவறாமல் மீறினாள். ஆனால் ஒன்றில் அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் போன் செய்தால், வேனுக்குள் ஏறி ஜன்னல்களை எல்லாம் மூடிக்கொண்டுதான் பேசுவாள். ஜொகூர் வெயிலில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, குளத்தில் விழுந்து எழுந்தவள் மாதிரி இறங்குவாள். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளையின் பெயர்கூட அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை.

இனி, அவள் செய்த பிசகுக்கு வருவோம். பிள்ளைகள் வீட்டில் சொல்லிக்கொண்டு வர ஒரு பெயர் வேண்டியிருந்தது. டியூஷன் என்றால் பெற்றோர் மார்க்கு கேட்பார்கள். யோகா என்றால் அக்கம்பக்கத்து ஆட்கள் பாயோடு வந்துவிடுவார்கள். பிரார்த்தனைக் கூட்டம் என்றால் ஒரே நாளில் பூசாரியும் பாதிரியாரும் வந்து நிற்பார்கள். "முறுக்கு வகுப்புன்னு வைப்போம். எவன் வந்து கேக்கப் போறான்?" என்றாள் யோகேஸ்வரி. லோஷினிக்கு என்னவோ உறுத்தியது, ஆனால் அதைவிட நல்லதாக ஒன்று தோன்றவில்லை.

வந்த பதினாலு பேரில் பத்துப் பேர் பையன்கள். வெல்டர், லாரி உதவியாள், தொழிற்சாலை டெக்னீஷியன். இவர்கள் ஞாயிறு தவறாமல் தலை வாரி, சென்ட் அடித்துக்கொண்டு முறுக்கு வகுப்புக்குக் கிளம்பினால் எந்த அப்பனுக்குத்தான் சந்தேகம் வராது? ஊரே கேட்கக்கூடிய இந்தக் கேள்வி யோகேஸ்வரிக்கு மட்டும் தோன்றவே இல்லை. காரணம் எளிது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வீட்டில் அடுப்பு சதாசிவத்தின் கையில்தான். அவள் வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்கும். சமையல் என்பது ஆம்பளை வேலை என்றே அவள் மனதில் பதிந்து போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை ஜேடன் முகம் வெளிறிப் போய் அறைக்கு வந்தான். இருபத்தொரு வயது, ரசாயனத் தொழிற்சாலையில் டெக்னீஷியன், பேச்சை எண்ணி எண்ணிப் பேசுகிறவன். இரண்டு வருடமாக வருகிறான். அவன் அப்பா சந்தனசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

"நாளைக்கு அப்பா வர்றாருக்கா, வகுப்பப் பாக்க."

"வரட்டுமே" என்று வழக்கமான குரலில் ஆரம்பித்த யோகேஸ்வரி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா கத்துக்கிற, வீட்டுக்கு ஒரு முறுக்கு வந்ததில்லன்னாரு. பொய்யின்னு தெரிஞ்சா, துணிய எடுத்துக்கிட்டு அப்படியே போயிரு, வீட்டுப் பக்கம் வராதன்னு சொல்லிட்டாரு. அவரு சொன்னா செய்வாருக்கா."

வேனில் அழுத முதல் பையன் யோகேஸ்வரியின் கண்முன் வந்தான். "அலமாக்!" என்று பதறினாள். கீழே கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி எட்டிப் பார்த்தார்.

ஞாயிறு காலையிலிருந்து அறை போர்க்களம். சதாசிவம் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் கொண்டுவந்தார். தோசை, சம்பால், மீன் குழம்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி, முறுக்கு மட்டும் அவர் ஜென்மத்தில் பிழிந்ததில்லை. போனில் வீடியோ பார்த்து மாவு பிசைந்தார்கள். அது செங்கல் மாதிரி இறுகியது. தண்ணீர் ஊற்றினார்கள், கஞ்சியானது. மறுபடி மாவு போட்டார்கள். இப்படியே பிசைந்து பிசைந்து, பதினாலு பேருக்கு ஆரம்பித்தது ஒரு கல்யாணத்துக்கே போதுமான அளவாகிவிட்டது. சுவரில் இருந்ததை எல்லாம் கழற்றிவிட்டு லோஷினி பலகையில் 'பாடம் 17: உளுந்தின் குணங்கள்' என்று எழுதினாள். உளுந்துக்கு என்ன குணம் என்று யாருக்கும் தெரியாததால் கீழே ஒன்றும் எழுதவில்லை.

மூன்று மணிக்கு சந்தனசாமி வந்தார். மாதா கோயில் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை ஒரு மூலையில் நின்றது. கழற்ற மறந்த சுவரொட்டி ஒன்று அங்கே இருந்தது.

"'பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்'" என்று உரக்கப் படித்தார். "முறுக்குக்கு என்னாத்துக்கு பயம்?"

"எண்ணெ தெறிக்கும்லண்ணே!" என்றாள் யோகேஸ்வரி. "புதுசா வர்ற புள்ளைங்க ரொம்ப பயப்படுதுங்க."

அந்த நேரம் பார்த்து அச்சுக்குள் காற்றுப் புகுந்த மாவு எண்ணெயில் விழுந்து 'டப்' என்று வெடித்தது. மேசைக்கடியில் ஒளிந்த முதல் ஆள் ஆசிரியை யோகேஸ்வரிதான்.

சந்தனசாமி அடுப்பருகே போனார். மாவில் ஒரு கிள்ளு எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யாரு பெசஞ்சது இத?"

பதினாலு விரல்கள் பதினாலு திசையில் நீண்டன.

"உளுந்த வறுத்தீங்களா, கருக்குனீங்களா? ஓமம் எங்க? இவ்வளவு தண்ணிய எவன் ஊத்தச் சொன்னது?" என்று சீறியவர், கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜேடனிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்தார். "தள்ளுங்க எல்லாரும்."

அடுத்த அரை மணி நேரம் அறையில் அவர் ராஜ்ஜியம்தான். மாவைப் புதிதாகப் பிசைந்தார். தீயைக் குறைக்கச் சொன்னார், கூட்டச் சொன்னார். வெல்டருக்கு அச்சைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார், லாரி உதவியாளைக் குட்டினார். அவர் கையிலிருந்து முறுக்கு சுற்றுச் சுற்றாக இறங்கி, பொன்னிறமாக மிதந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்த யோகேஸ்வரி, வந்த காரியத்தையே மறந்துவிட்டாள்.

"எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

சந்தனசாமி அச்சைத் திருகிக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "சாஆங்கிற ஊர்ல எங்கக்காவுக்குப் பலகாரக் கட இருந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தி ஆறு வருஷம் அங்கதான் புழிஞ்சேன். துறைமுகத்துல இது ஒருத்தனுக்கும் தெரியாது. கிரேன்ல ஒக்கார்றவன் முறுக்கு சுட்டவன்னு தெரிஞ்சா சிரிப்பானுங்க. எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல." பிறகு மகனைப் பார்த்தார். அவன் பிழிந்த முறுக்கு கோணாமல் வந்திருந்தது. "கை நல்லா வருது ஒனக்கு. நான்தான் ஒன்னயச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வெச்சிக்காதப்பா."

அவர் அதட்டியிருந்தால் ஜேடன் தாங்கியிருப்பான். மன்னிப்புக் கேட்டதுதான் தாங்கவில்லை. தன் பொய்யை நம்பி ஒருவர் மன்னிப்புக் கேட்கும்போது அதை வாங்கி வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது.

"அப்பா, இது முறுக்கு வகுப்பு இல்ல" என்றான். "எனக்குப் பொண்ணுங்க மேல விருப்பம் இல்லப்பா. பையன்கள்தான் புடிக்கும். சின்ன வயசுலேருந்தே. இங்க இருக்கிற எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல என்னைய மாதிரிதான். வீட்டுல பேச முடியாதத இங்க வந்து பேசுறோம்."

யாரும் நகரவில்லை. சட்டியில் இருந்த ஈடு பொன்னிறத்திலிருந்து பழுப்பானது, பழுப்பிலிருந்து கறுப்பானது. அரை மணி நேரமாக ஒரு முறுக்கைக்கூடக் கருக விடாத மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அடுப்பை அணைத்தார், கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

யோகேஸ்வரி பின்னாலேயே ஓடினாள். பாதிப் படியில் லோஷினியின் குரல் கேட்டது. "அக்கா, முதல்ல காது!"

சந்தனசாமி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். சாவியைப் போடவில்லை. யோகேஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள். அவள் வாயில் நூறு வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு பேருந்து போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவள் வாழ்நாளில் அவ்வளவு நேரம் விழித்துக்கொண்டு பேசாமல் இருந்ததில்லை.

"ரெண்டு வருஷமா?" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"ரெண்டு வருஷமா ஒங்க எல்லாருக்கும் தெரியும். பெத்தவன் எனக்குத் தெரியாது."

"ஒங்கள எழந்துருவோமோன்னுதான் அவன் சொல்லல. எங்கள எழந்தா அவனுக்கு என்னா நட்டம்?"

அவர் விரல்களில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினார். "நாப்பது மீட்டரு ஒயரத்துல ஒக்காந்து கண்டெய்னர் தூக்குறேன். கீழ நிக்கிற ஒவ்வொருத்தனையும் பாத்துக்கிட்டேதான் எறக்குறேன். வீட்டுக்குள்ள இருக்கிறவனப் பாக்கல."

பிறகு அவர் கேட்டார். "எனக்கு இதெல்லாம் ஒன்னும் வெளங்கலம்மா. அவங்கம்மாகிட்ட என்னா சொல்றதுன்னும் தெரியல. இந்தப் புள்ளைங்களுக்கு வகுப்பு வெச்சிருக்கீங்க. என்னைய மாதிரி அப்பனுங்களுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கே!" என்றாள் யோகேஸ்வரி. அந்த நிமிடம் வரை இருக்கவில்லை.

"எப்ப?"

"அடுத்த ஞாயித்துக்கெழம. மூணு மணி."

"எத்தன பேரு வர்றாங்க?"

யோகேஸ்வரி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். "இப்போதைக்கு ஒருத்தர்தாண்ணே."

சந்தனசாமி சரியென்று தலையை ஆட்டினார். அப்போது படியில் சத்தம் கேட்டது. ஜேடன் இறங்கி வந்தான். ஒரு கையில் அப்பாவின் கடிகாரம், தோளில் துணிப்பை. அப்பா சொன்னதைச் செய்கிறவர் என்று தெரிந்ததால், காலையிலேயே துணியை மடித்து எடுத்து வந்திருக்கிறான். கடிகாரத்தை நீட்டிவிட்டு, மறுபக்கம் திரும்பி நடக்கத் தயாராக நின்றான்.

சந்தனசாமி கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை நீட்டி அந்தப் பையை மகனின் தோளிலிருந்து உருவி, வண்டியின் முன்கூடையில் திணித்தார்.

"அங்க என்னா நிக்கிற? ஏறு" என்றார். "அம்மா சமைச்சிருப்பா."