மேல்வீட்டு ஏசியும் கீழ்வீட்டுப் பெரணியும்

பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்து "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தேன் ஒழுகச் சொல்கிற பெண்மணியின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்ட எல்லோரும் அவளைப் பரம சாது என்று நம்பினார்கள். அவள் குடியிருந்த அடுக்குமாடிக்காரர்களுக்கு மட்டும் அந்த மூடநம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு வரும்போது கனிவை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டுக் குரலை மட்டும் கொண்டு வருவாள். அவளுக்கு மைக்கக்கா என்று பேர் வைத்ததே அவர்கள்தான். மைக்கே தேவைப்படாத ஒருத்திக்கு அப்படிப் பேர் வைத்ததைப் பெரிய நகைச்சுவை என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்பார். குழாய் ஒழுகினாலும் பாத்துக்கலாம், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் பாத்துக்கலாம். ஊராருக்குப் பார்வை கொடுக்கிற மனுஷன் சொந்த வீட்டில் எதையும் பார்த்ததில்லை என்பது மைக்கக்காவின் நெடுநாளைய புகார்.

அவர்கள் வீடு கீழ்த்தளம். பின்கதவைத் திறந்தால், கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு சந்து. உச்சிப்பொழுதில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்து, நமக்கு இங்கே வேலையில்லை என்று திரும்பிப் போய்விடும். துணி காயப்போட வேறு இடமில்லாததால் அங்கேதான் கொடி கட்டியிருந்தாள். துணியும் காயத்தான் பார்த்தது. மேல்வீட்டு ஏசி விடவில்லை. அதன் குழாய் சுவரிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு, சரியாகக் கொடிக்கு மேலே சொட்டு சொட்டென்று சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஏசியை அவள் ஏசாத நாளில்லை.

மேல்வீட்டுக்காரர் காது கேட்கும் கருவி விற்கிறவர். ஊருக்கெல்லாம் காது கொடுக்கிற அந்தப் புண்ணியவானுக்கு, காலுக்குக் கீழே பத்தடியில் நின்று மைக்கக்கா போடும் சத்தம் மட்டும் வருஷக்கணக்காகக் கேட்டதில்லை. படியில் எதிர்ப்பட்டால் அழகாகச் சிரித்து, "என்னம்மா, சௌக்கியமா?" என்பார். அந்தச் சிரிப்பைத் துணி பிழிவது போலப் பிழிந்து காயப்போட வேண்டும் என்று அவளுக்கு இருக்கும்.

இந்த நிலையில்தான் நாத்தனார் வந்தாள். கணவரின் அக்கா. அவள் வீட்டுப் பால்கனியில் செடி இல்லாத இடத்தில் செடியின் புகைப்படம் இருக்கும். வரும்போது ஒரு பீங்கான் தொட்டியில் பெரணிச் செடி ஒன்றைக் கொண்டு வந்தாள். குளிர்தேசத்து ரகமாம். குழந்தைகளின் கவுனுக்குத் தைக்கிற சுருக்கம் போல இலை இலையாக மடிந்து, ரொம்பவும் அழகாகத்தான் இருந்தது.

"இது சாகாத ஜாதி. உன்னால கூட இதைக் கொல்ல முடியாது," என்றாள் நாத்தனார். "என் தம்பி வீட்டுல உசுரோட ஏதாவது ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான் எடுத்துட்டு வந்தேன்."

உயிரோடு அங்கேயே உட்கார்ந்திருந்த தம்பி, "பாத்துக்கலாம்க்கா" என்றார்.

மைக்கக்கா அந்தச் செடியை டி.வி.க்குப் பக்கத்தில் ராணி மாதிரி வைத்தாள். வேளை தவறாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நாளில் இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. பூச்சி விழுந்துவிட்டது என்று பதறிப்போய், பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இலையாகத் தேய்த்துக் கழுவினாள். பெரணிக்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது, அந்தப் புள்ளிகளில் இருக்கிற தூள்தான் அதன் வம்சமே என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. இப்படி ஒரு குலத்தையே சோப்புப் போட்டுக் கழுவியபின் செடிக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது. இலை நுனியெல்லாம் கருகி, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது.

நாத்தனாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். நர்சரியில் அதே ரகத்தை வாங்கி வந்து அதே தொட்டியில் நட்டு, ஒன்றுமே நடக்காதது போல இருந்தாள். அடுத்த முறை வந்த நாத்தனார் அதைத் தடவிப் பார்த்து, "அட, வந்ததைவிடக் கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே" என்றாள். அவள் தலை மறைந்ததும் அதுவும் செத்துப்போனது.

சாகாத ஜாதியை இரண்டு முறை கொன்ற பெருமையோடு மைக்கக்கா வேலைக்குப் போனாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கி அறையின் பின் ஜன்னல் வழியே வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதன் விரிசல்களிலிருந்து பச்சையாக என்னவோ தொங்குவதையும் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தாள். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

எல்லாம் பெரணி. வெயில் படுகிற பக்கம், செங்கல் இடுக்கில் சுண்ணாம்பைத் தின்றுகொண்டு, ஏணி மாதிரி இருபுறமும் நீள நீளமாக இலை விட்ட ஒரு ரகம். நிழல் பக்கம், கறுப்புக் கம்பி போன்ற காம்பில் சின்னச் சின்ன விசிறிகளைத் தொங்கவிட்ட இன்னொன்று. தொட்டிக்கு அடியில், ஈரச் சகதி ஓரத்தில், அகலமாக விரிந்து கிடந்த மூன்றாவது. ஒருத்தரும் நடவில்லை, ஒருத்தரும் தண்ணீர் ஊற்றவில்லை, ஒருத்தரும் சோப்புப் போடவில்லை. அதுதான் அவற்றின் ஆரோக்கிய ரகசியம் போலிருந்தது.

நிலைய மேலாளரிடம் போய், "சார், அந்தத் தொட்டியில இருக்கற செடியில கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"எந்தச் செடி? அதுல ஏதும்மா செடி, களைதானே இருக்கு!" என்றார் அவர். "வேணும்னா மொத்தத்தையும் எடுத்துட்டுப் போங்க. வெள்ளையடிக்கிறவன் வேலை மிச்சம்."

கொள்ளைக்காரி மாதிரி மொத்தத்தையும் பெயர்க்கவில்லை. சாப்பாட்டு ஸ்பூனால் ரகத்துக்குக் கொஞ்சம், வேரோடு, வேரைப் பிடித்திருந்த சாந்தோடு பெயர்த்து, ஈரத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். இந்த முறை புத்தி வந்திருந்தது. செடிக்கு வீட்டில் இடம் தேடாமல், தண்ணீர்த் தொட்டியில் எது எங்கே இருந்ததோ அதே மாதிரி இடத்தைச் சந்தில் தேடினாள். ஏணி இலைக்காரனைச் சுற்றுச்சுவரின் மேல்பாகத்தில், வெயில் எட்டிப் பார்க்கிற இடத்து இடுக்கில் செருகினாள். சகதிக்காரியைத் தரையோரம் வைத்தாள். கறுப்புக் காம்புக்காரிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், ஆனால் காலடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. இத்தனை நிபந்தனை போடுகிற பெண்ணைப் பார்க்க வந்தால் எந்த மாப்பிள்ளையும் எழுந்து ஓடிவிடுவான். மைக்கக்கா சந்தை மேலும் கீழும் பார்த்தாள். நிழலாகவும், எந்நேரமும் ஈரமாகவும், தண்ணீர் தேங்காமலும் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: மேல்வீட்டு ஏசி சொட்டுகிற இடம்.

கொடியை அவிழ்த்தாள். அங்கே உடைந்த செங்கல்லை அடுக்கி, இடுக்கெல்லாம் மக்கிய சருகை அடைத்து, அதில் செடியை வைத்தாள். துணிகள் வீட்டுக்குள் நாற்காலி முதுகுகளில் காய்ந்தன. கணவர் ஈரச் சட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்து டி.வி. பார்த்தார். முதுகு நனைந்தபோது பாத்துக்கலாம் என்றார்.

மழைக்காலம் ஒன்று போய் வெயில் வந்தபோது சந்து ஆளே மாறிப் போயிருந்தது. கடிகாரத்துச் சுருள்வில் மாதிரி சுருண்டு கிளம்பிய குருத்துகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. செங்கல் அடுக்கு தெரியாமல் விசிறிகள் மூடிக்கொண்டன. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கதவைத் திறப்பாள். ஏசித் தண்ணீர் சொட்டச் சொட்ட, இலைகள் தலையை ஆட்டி வாங்கிக்கொள்ளும். இதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு ஒருத்தரை ஏச வேண்டிய கடமை இருக்கிறது என்பதே மறந்துபோனது.

வந்தது வினை. கீழே சத்தம் நின்றுபோனதும் காதுமெஷின்காரருக்கு முதல்முறையாகக் காது கேட்டது. இத்தனை வருஷம் கத்தியவள் கத்தாமல் இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? போலீஸா, கோர்ட்டா? ஆள் கிலி பிடித்துப்போனார். ஒரு காலை வேளையில் குழாய் ரிப்பேர்க்காரரை வரவழைத்து, ஏசித் தண்ணீர் மொத்தமும் பிளாஸ்டிக் குழாய் வழியே நேராகச் சாக்கடைக்குப் போகும்படி செய்துவிட்டார். மைக்கக்கா மாலையில் வந்து பின்கதவைத் திறந்தாள். சொட்டு இல்லை.

படியில் எதிர்ப்பட்டவர், பெரிய தியாகம் செய்த முகத்தோடு, "ஒரு வழியா சரி பண்ணிட்டேம்மா. இனிமே உங்க துணியில ஒரு சொட்டு விழாது" என்றார்.

ஒலிபெருக்கி அறைக் கனிவை வரவழைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள். அவள் வாழ்நாளில் சொன்ன சொற்களிலேயே அதிகம் கசந்தது அதுதான்.

குழாய்த் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். அந்தக் கட்டடத்துத் தண்ணீர் வாளியைக்கூட வெள்ளையாகப் பூத்துப்போகச் செய்கிற உப்புத் தண்ணீர். ஒரு வாரத்தில் விசிறிகளின் ஓரம் தீய்ந்தது. நாத்தனார் கொடுத்த செடியும் இதனால்தான் கருகியது என்று அப்போது உறைத்தது. சோப்பு பாதி, உப்பு பாதி. அன்றிரவு கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"மேல போய்க் கேட்டுப் பாரேன்," என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன முதல் யோசனை அது.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுங்க கேக்கறது? நிறுத்துன்னு கத்தினது நான்தானே?"

"பாத்துக்கலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மைக்கக்கா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு படியேறினாள். காதுமெஷின்காரர் கதவைத் திறந்ததும் அரையடி பின்வாங்கினார்.

"சார், அந்த ஏசித் தண்ணி..." என்று ஆரம்பித்தாள். பேருந்து நிலையம் முழுக்க நிறைக்கிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "அது பழையபடி சொட்டினா நல்லா இருக்கும்."

"எனக்குச் சரியா கேக்கலம்மா."

"பழையபடி சொட்டணும் சார்."

"என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் மனைவி சமையலறையிலிருந்து, "அவங்க சொல்றது எனக்கே இங்க கேக்குதுங்க, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். அவர் முகத்தில் சிரிப்பு கசிந்தது. இத்தனை வருஷமும் அவருக்கு அத்தனையும் கேட்டிருக்கிறது என்று மைக்கக்காவுக்குப் புரிந்துபோனது. ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. வழக்கமான நாளாக இருந்தால் அவள் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். கருகிய விசிறிகள் கண்முன் வந்தன. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "வந்து பாருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தார். தன் ஜன்னலுக்கு நேர் கீழே இப்படி ஒன்று இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. மேலேயிருந்து அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்த்தால் இவள் பிடித்துக்கொள்வாள் என்ற பயம். குனிந்து ஒரு இலையைத் திருப்பி, "பூச்சி விழுந்திருக்கும்மா" என்றார்.

"பூச்சியில்ல சார், அதுதான் விதை மாதிரி. தொடாதீங்க."

அண்ணாந்து தன் ஏசிக் குழாயைப் பார்த்தார். "இதெல்லாம் என் தண்ணியிலயா?"

"உங்க தண்ணியிலதான்."

அன்று மத்தியானமே குழாயைக் கழற்றினார். சாயங்காலத்துக்குள் கட்டடத்தில் உள்ள எல்லோருக்கும் தன் தண்ணீரில் ஒரு தோட்டம் வளர்கிற செய்தியைச் சொல்லி முடித்திருந்தார். நட்டவள் பெயர் செய்தியில் விடுபட்டுப்போனது. செடி பிழைத்துக்கொண்டதால் மைக்கக்கா அதை மன்னித்தாள். முழுசாக மன்னிக்கவில்லை, ஒரு ஓரமாக எடுத்து வைத்தாள்.

பிறகு அவருக்கும் வீட்டுக்குள் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கறுப்புக் காம்புக்காரியில் ஒரு பிடி பிரித்து, அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் நட்டு, மைக்கக்காவே மேலே கொண்டுபோனாள். ஹாலைப் பார்த்தாள், ஏசிக் காற்று நேராக அடித்தது. படுக்கையறையைப் பார்த்தாள், அங்கேயும் அதே கதை. கடைசியில் குளியலறை ஜன்னல் திட்டைக் காட்டினாள். ஈரம், வடக்குப் பார்த்த வெளிச்சம், காற்றின் தொந்தரவு இல்லை.

"பாத்ரூம்லயா?" அவருக்குச் சுருக்கென்றது. "வர்றவங்க பாக்கணும்மா!"

"வர்றவங்க பாக்கணுமா, செடி இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

அவர் ஹாலில்தான் வைத்தார். பத்து நாளில் செடி முருங்கைக் குச்சி மாதிரி ஆனது. யாரும் பார்க்காத நேரத்தில் குளியலறைக்கு மாற்றினார். கொஞ்ச நாள் அழுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்துவிட்டு, அது குருத்து விட்டது.

இப்போது அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்த கையோடு குளியலறைக்கு அழைத்துப் போகிறார். வந்தவர்கள் ஒன்றும் புரியாமல், அவசரமில்லை என்று மறுத்தாலும் விடுவதில்லை.