பத்து விரலுக்கும் தொப்பி

எங்கள் மாமாவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. ரேஷன் அரிசி, இலவச மிக்சி, இங்கிலீஷ் மீடியம், பெங்களூர்க்காரர்கள் ஏன் நம் பக்கம் வந்து நிலம் வாங்குகிறார்கள் என்று எதைக் கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். அம்மாவின் தம்பி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தார், அதுவும் பர்மனென்ட். எங்கள் லைன் வீடுகளில் பர்மனென்ட் ஆன ஆள் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பது வழக்கம். மாமா அந்த மரியாதையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

அப்பா பர்மனென்ட் இல்லை. நாகரசம்பட்டிப் பக்கம் அடுத்தவர் மாந்தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்களை அழைத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து, வேறொரு கம்பெனியில் காண்டிராக்டில் சேர்ந்தார். வண்டி பாகங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலை. பஃபிங் என்பார்கள். சுற்றுகிற சக்கரத்தில் பிடித்துத் தேய்த்த பிறகு, சக்கரம் போக முடியாத மூலைமுடுக்குகளை உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு கையால் தேய்க்க வேண்டும். பத்து வருடமாக அதைத்தான் செய்தார். பாகத்தோடு சேர்ந்து விரலும் தேய்ந்தது. அப்பா என் கன்னத்தைத் தொட்டால் புளியங்கொட்டையால் தடவுகிற மாதிரி வழவழவென்று இருக்கும். எல்லா அப்பாக்களின் விரலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அவர்கள் கம்பெனிக்கு விரல் வைக்கிற மெஷின் வந்தது. அதுவரை மேஸ்திரியின் நோட்டில்தான் வருகை. மேஸ்திரிக்குப் பிடிக்காதவன் முழு நாள் வேலை செய்தாலும் நோட்டில் அரை நாள்தான் செய்திருப்பான். அதனால் மெஷின் வருகிறது என்றதும் மற்றவர்களைவிட அப்பாதான் அதிகம் சந்தோஷப்பட்டார். மாமாவைக் கேட்கவே வேண்டாம்.

"மெஷினுக்கு மாமன் மச்சான் கெடையாது மாமா. வந்தா வந்தான், வர்லன்னா வர்ல. அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்குள்ள போய்ட்டா எல்லாக் கம்பெனியிலயும் இதான். நம்ம கவர்மெண்ட்டும் இப்டி மாறுனா நாடே திருந்திடும்" என்றார் அப்பாவிடம்.

அம்மாவுக்கு வேறு கருத்து. "அந்தக் காலத்துல கைநாட்டுன்னா கேவலமாப் பாத்தாங்க. இப்ப கைநாட்டு வெக்கலன்னா ஆளே இல்லீங்கறாங்க. என்னாத்தத் திருந்துச்சு?"

மெஷினோடு இன்னொரு செய்தியும் வந்தது. பத்து வருடம் முடித்த காண்டிராக்ட் ஆட்களில் சிலரைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளப் போகிறது. பட்டியலில் அப்பா பெயர் இருந்தது. ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு யார் விரல் மெஷினில் பதிகிறதோ அவர்கள் பர்மனென்ட். அதன் பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அப்பாவிடம் யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மெஷின் வந்த முதல் நாளே அப்பா விரலை வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். பத்துக்கும் சிவப்பு.

அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கே அப்பாவின் விரல்தான் பேச்சு. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார் டீக்கடைக்காரர். தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்றார்கள் சிலர். விரலைத் தலைமுடியில் ஒரு தேய் தேய்த்துவிட்டு வைத்தால் எடுக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இதெல்லாம் ஏழைகளைக் கழித்துக்கட்டக் கொண்டுவந்த திட்டம் என்றார் இன்னொருவர். அவர் எந்தக் கம்பெனியிலும் வேலை செய்யவில்லை. மாமா மட்டும்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். தேய்ந்த தோல் திரும்ப வளரும், மூன்று வாரம் உப்புத்தாளைத் தொடாமல் இருந்தால் போதும் என்றார். அப்பா சூப்பர்வைசரிடம் கெஞ்சி, அட்டைப்பெட்டி கட்டுகிற பேக்கிங் வேலைக்கு மாறிக்கொண்டார்.

மாமா ஒரு மைப்பெட்டி வாங்கி வந்து கொடுத்தார். தினமும் சாயங்காலம் அப்பா அதில் விரலைத் தொட்டு, என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வைப்பார். தேர்த் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி என்னிடம் இருந்தது. அதை வைத்துப் பார்த்து ரேகை எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "என்னாங்க மேடம், தேறுமா?" என்பார். நானும் மூஞ்சியை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க, பாக்கலாம்" என்பேன்.

முதல் வாரம் வெறும் நீலத் தீற்றல்தான். இரண்டாம் வாரம் ஓரங்களில் இரண்டு மூன்று கோடுகள் தெரிந்தன. மூன்றாம் வாரம் கட்டைவிரலின் நடுவில் ஏர் ஓட்டிய மாதிரி வரிசையாக வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அத்தை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனியில் ஒத்திகை. கட்டைவிரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்ததாம். இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்களாம், அப்போதும் பச்சை. அப்பா கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே மாமா, "நான் சொன்னனா இல்லியா?" என்று ஐந்தாறு தரம் கேட்டார். நாங்களும் ஐந்தாறு தரம் ஆமாம் என்றோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடிப் பதினெட்டு. அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் தென்பெண்ணைக்குக் கிளம்பினார்கள். எனக்குச் சளி பிடித்திருந்ததால் என்னை அழைத்துப் போகவில்லை. நான் அழாமல் இருப்பதற்காக அத்தை மருதாணி அரைத்து ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் தெலுங்கு. எங்களிடம் பேசும்போது இரண்டும் கலந்து வரும்.

"கோரிண்டாக்கு வெச்சிக்கோ பாப்பா. தோலு வெடிக்காது. கை சல்லகா, குளுகுளுன்னு இருக்கும்" என்றார்.

அப்பா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். அட்டைப்பெட்டி ஓரம் பட்டுப் பட்டு விரல் நுனியில் மெல்லிய வெடிப்பு ஒன்று குறுக்கே ஓடியது, நான் மூன்று வாரமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ரேகைகளின் நடுவிலேயே. நாளைக்குள் வெடிப்பு பெரிதாகிவிட்டால் என்ன செய்வது? மருதாணி வைத்தால் தோல் வெடிக்காது என்று அத்தை இப்போதுதானே சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கென்று கொடுத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டைவிரலில் ஆரம்பித்து, பத்து விரலுக்கும் நுனியை மூடித் தொப்பி வைத்தேன். கட்டைவிரல் இரண்டுக்கும் மட்டும் கனமாக வைத்தேன். பாதியில் அப்பாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"என்னா பாப்பா, கல்யாணப் பொண்ணாட்டம் பண்ணிட்ட?"

வெடிப்புக்கு மருந்து என்றேன். சரி என்று கையை அசைக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் டீ ஆற்றி டம்ளரை அவர் வாயில் வைத்துக் கொடுத்தேன். பர்மனென்ட் ஆனதும் எனக்கு சைக்கிள், அம்மாவுக்குப் பீரோ, ஊருக்கு ஒரு தரம் காரில் போய் இறங்குவது என்று பேசிக்கொண்டிருந்தோம். மருதாணி காய்ந்து உதிர்கிற வரைக்கும் பேசினோம். என் வாழ்க்கையில் அப்பாவோடு அவ்வளவு நேரம் பேசியது அந்த ஒரு நாள்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் சந்தோஷம்தான் வருகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நன்றாகப் பிடித்திருந்தது. நுனியெல்லாம் அரக்குச் சிவப்பு. ஆற்றிலிருந்து திரும்பி வந்த அம்மா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமா எங்களுக்கு முன்பாகவே வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்பா வந்தார். கையில் கம்பெனியில் கொடுக்கிற வெள்ளை நூல் கிளவுஸ் போட்டிருந்தார். வீட்டுக்கு வரும்போது அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

"எடுக்கல" என்றார்.

மாமாவுக்கு நம்பவே முடியவில்லை. சனிக்கிழமை எடுத்த மெஷின் திங்கட்கிழமை எப்படி எடுக்காமல் போகும்? சரியாக அழுத்தியிருக்க மாட்டீர்கள் என்றார். பதற்றத்தில் கை வியர்த்திருக்கும் என்றார். மெஷின் பொய் சொல்லாது, ஆள்தான் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா கம்பெனியைத் திட்டினாள், பிறகு கவர்மெண்ட்டைத் திட்டினாள், கடைசியில் மாமாவையும் சேர்த்துத் திட்டினாள். டீக்கடைக்காரர் வரைக்கும் வந்து ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"எங்க, கையக் காட்டுங்க மாமா. என்னான்னு பாக்கறேன்" என்றார் மாமா.

"பாத்து என்னா ஆவப் போவுது? பத்து வருசத் தேய்மானம், தேஞ்சு போச்சு. விடுப்பா" என்ற அப்பா, கிளவுஸ் போட்ட கையாலேயே டீ டம்ளரை வாங்கிக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்பா, நான் வெச்ச..." என்று ஆரம்பித்தேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா என்னைக் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வரச் சொன்னார். டப்பாவில் சர்க்கரை இருந்தது. இருக்கிறது என்று சொல்லியும், போ என்று விரட்டினார். அப்பா என்னை விரட்டியதில் எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த இரண்டு வாரம் மாமா வந்தால், ஏன், யார் வந்தாலும், அப்பா உடனே கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டார். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை மாதிரி மருதாணி வைத்துக்கொண்டது அவருக்கு வெட்கம். நான் அவ்வளவு ஆசையாக வைத்ததை ஊரார் கண்ணில் படக் கூடாத அசிங்கம் மாதிரி மறைக்கிறார். அம்மாவிடம் சொன்னதற்கு, "ஆம்பளைக்கு இருக்காதா பின்ன?" என்றாள். சிவப்பு வெளுத்துப் போகும் முன்பே அப்பா மறுபடி பஃபிங்குக்குப் போய்விட்டார். என் கணக்கு நோட்டில் அதற்குப் பிறகு நீல விரல்கள் இல்லை.

அடுத்த பட்டியல் வரும் என்றார்கள். வரவில்லை. சில வருடம் கழித்து பஃபிங் செய்ய ரோபோ வந்தது. ரோபோவுக்குக் களைப்பு கிடையாது, லீவு கிடையாது என்று மாமா அப்போதும் ஒரு கருத்து சொன்னார், ஆனால் குரல் முன் மாதிரி எழும்பவில்லை. காண்டிராக்ட் ஆட்கள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்ற செய்தி அப்பாவின் செல்போனுக்கு வந்தது. தமிழில்தான் இருந்தது, அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்ததால் நான்தான் படித்துச் சொன்னேன். இப்போது கர்நாடகா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். அங்கே முகத்தைக் காட்டினால் போதும், மெஷின் வருகை போட்டுக்கொள்கிறது. உப்புத்தாளை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டதால் ரேகையெல்லாம் திரும்ப வந்துவிட்டது. ரேஷன் கடையில் அவர் விரலை வைத்தால் ஒரே அழுத்தில் எடுக்கிறது என்று அங்கே பில் போடுகிற அம்மாளுக்கு ஆச்சரியம்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு சேவை மையத்தில் வேலை செய்கிறேன். சான்றிதழ், கார்டு என்று வருகிறவர்களின் விரலைக் கண்ணாடியில் வைத்து எடுப்பதுதான் பாதி நாள் வேலை. சேர்ந்த முதல் மாதம், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் வந்தாள். எத்தனை தரம் வைத்தும் அவள் விரல் பதியவில்லை. பக்கத்து சீட் அக்கா தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"மருதாணி போட்டிருக்கா பாரு. நல்லா செவந்திருந்தா செல நேரம் எடுக்காது. ரெண்டு வாரம் கழிச்சி வரச் சொல்லு."

அந்தப் பெண் சரி என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கு இரண்டு வாரம் கழித்து வர முடிந்தது. நான் எழுந்து வெளியே போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

மாமா கண்ணில் அந்தச் சிவப்பு பட்டிருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். கண்டுபிடித்ததைத் தெருவுக்கே சொல்லியிருப்பார். பத்து வயதுப் பிள்ளையின் காதில் அது விழுந்திருக்கும், காலத்துக்கும் விழுந்துகொண்டே இருந்திருக்கும். அப்பாவிடம் இதைப் பற்றி நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் தேய்மானம் என்றுதான் சொல்வார்.

ஆனால் எனக்கு ஆறாமல் இருப்பது அந்தத் திங்கட்கிழமை இல்லை, அதற்கு அடுத்த வருட ஆடிப் பதினெட்டு. அத்தை வழக்கம்போல மருதாணி அரைத்துக் கொடுத்தார். நான் அம்மாவுக்கு வைத்துவிட்டு எனக்கு வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கு வெக்கலியா பாப்பா?"

"உங்களுக்கு எதுக்கு? வெச்சா மறைச்சி வெச்சிக்குவீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வருடமாக மனதில் வைத்திருந்த கோபத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவர் எழுந்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு அவருக்கு லீவு.