காலியாக இருந்த இலை

நான் பத்தாவது வரை படித்தவன். அருப்புக்கோட்டையில் ஒரு கரிக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு எடை போடும் வேலை. இருபது வருடமாக ஒரு மாத இதழில் சாதியைப் பற்றி எழுதி வருகிறேன். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கலர் கயிறு, கல்யாண ஃபிளெக்ஸில் பெயருக்குப் பின்னால் வரும் பட்டம், டீக்கடையில் சிலருக்கு மட்டும் நீட்டப்படும் பேப்பர் கப், இப்படி. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுத வந்தேன்.

எழுதியதை முதலில் படிப்பவன் என்னோடு பள்ளியில் படித்த எலக்ட்ரீசியன். காலனித் தெருக்காரன். "ஏலே, பேப்பர் கப்ப எழுதுனியே, நாங்க எந்திரிச்ச பெறகு பெஞ்சுல தண்ணி தெளிக்கிறாகளே, அத யாரு எழுதுவா, உன் மாமனா?" என்பான்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் நான் வீடு கட்டியபோது வயரிங் முழுக்க அவன்தான். எங்கள் ஊர் விசேஷங்களுக்கு அவன் தெருக்காரர்களையும் அழைப்பார்கள். ஆனால் பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள். சாப்பாட்டைப் பார்சல் கட்டி வாசலில் கொடுத்துவிடுவார்கள். என் வீட்டில் அது நடக்காது என்று இருந்தேன். விசேஷத்தை முன்னின்று நடத்தும் அண்ணனிடம் முன்கூட்டி அதைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் எழுதுகிறேனே, அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பால் காய்ச்சிய அன்று அவன் சலவை வேட்டியில் வந்தான். வாசலிலேயே அண்ணன் பார்சல் பையை நீட்டினார். "ஏப்பா, வீட்ல பிள்ளைகளோட நிம்மதியாச் சாப்பிடு." நான் சாம்பார் வாளியோடு பத்தடி தள்ளி நின்றேன். பந்தியில் ஓர் இலை காலியாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து பக்கத்து இலைக்குச் சாம்பார் ஊற்றினேன்.

அதையும் எழுதினேன், வாளி உட்பட. இதழுக்கு அனுப்பும் முன் அவனிடம் கொண்டுபோனேன்.

"இதுல என்னைய உக்கார வச்சிருக்கியா?"

"நடந்ததத்தான் எழுதியிருக்கேன்."

"நடந்தது எனக்குத் தெரியும்லே. பைய வாங்கிட்டுப் போனவனே நான்தான." படிக்காமலே தாளைத் திருப்பித் தந்தான். "வெள்ளிக்கெழம உங்கண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. லைட்டு நான்தான் போடுறேன். அங்க வாயத் தொற. பெறகு எழுது."

இரண்டு நாள் அண்ணன் வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவனைப் பந்தியில் உட்கார வைக்கச் சொன்னேன். "ஒன் எழுத்துக்கு நான் சொந்தக்காரவுகட்ட பதில் சொல்லி மாளல" என்றார் அண்ணன். பிறகு, "சரி, உக்காரட்டும். கடைசிப் பந்தியில. சம்பந்தகாரவுக கெளம்புன பெறகு."

அந்தச் 'சரி' மட்டும்தான் அப்போது என் காதில் விழுந்தது. தெருவுக்கு வந்ததுமே அவனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணங்கிட்டப் பேசிட்டேன். ஒனக்குப் பந்தியிலதான் சாப்பாடு."

"அடேயப்பா, பேசிட்டியா!" சிரித்தான். பிறகு கேட்டான்: "எத்தனாவது பந்தி?"

அண்ணன் சொன்ன மீதி அப்போதுதான் என் காதில் விழுந்தது. அவன் போனை வைக்காமல் காத்திருந்தான்.