பேசாத படத்தில் ஒரு புரொபசர்

1. கொட்டகையில் சிரிப்பு

நான் எடுத்த படத்தைப் பார்த்து ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்புப் படம் எடுத்திருந்தால் நானும் பூரித்துப் போயிருப்பேன். ஆனால் நான் எடுத்தது, சரித்திரப் புரொபசர் ஒருவர் யுத்தத்தைப் பற்றிப் பேசிய படம்.

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பித்து ஒரு வருஷம் தாண்டியிருக்கும். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு டாக்கீஸில் சாயங்கால ஆட்டம். முதலில் சர்க்காரின் யுத்தச் செய்தி ரீல் ஓடியது. பீரங்கி வெடித்தது, கொடி பறந்தது, பாண்டு முழங்கியது. அதன் பின்னால் என் ரீல். திரையில் புரொபசர் ஆற்றுமணலில் நடந்து வந்தார். நடந்து வந்தார் என்றா சொன்னேன்? வெந்நீர் கொட்டின காலோடு துள்ளித் துள்ளி வந்தார். நின்று பேச ஆரம்பித்ததும் கைகள் ஈ ஓட்டுவதுபோல் பறந்தன. வாய் படபடவென்று அடித்துக்கொண்டது. சத்தம் மட்டும் இல்லை.

"பெரியவருக்கு எறும்பு கடிச்சிருச்சு டோய்!" என்று பெஞ்சு டிக்கெட்டில் ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், கொட்டகை இரண்டுபட்டது.

நிஜப் புரொபசர் சேர் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலிகளில் யாரும் இல்லை. அவருக்குப் பின்னால், கதவோரம், பட்டாள உடுப்பில் அவருடைய ஒரே மகன் ராகவன் நின்றுகொண்டிருந்தார். புரொபசர் கடைசி வரை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து வந்த சிரிப்பில் தன் பிள்ளையின் சிரிப்பும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ரீல் முடிந்து அவர் எழுந்தபோது கதவோரத்தில் யாரும் இல்லை.

2. ஊமைப்பட ஆள்

நான் ஊமைப்படக் காலத்துக் கேமராமேன். மதராஸில் ஒரு கம்பெனியில் இருந்தேன். டாக்கி வந்தது, கம்பெனி படுத்தது. முதலாளி கையால் சுற்றும் பழைய கேமராவை என் தலையில் கட்டி ஊருக்கு அனுப்பினார். பேசத் தெரியாத கேமராவும் பேசப் பிடிக்காத நானுமாகத் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ போட்டுப் பிழைத்தோம். கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், சாவுக்குக் கூப்பிடுவார்கள். நடுவில் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மாடியில் நானே பொங்கி நானே தின்றேன்.

இளவட்டங்களுக்காகத் தொழில் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கேமராவுக்கு மோட்டார் கிடையாது. ஒரு செகண்டுக்கு ஹாண்டிலை இரண்டு சுற்று சுற்றினால் பதினாறு சட்டம் பதிவாகும். ஃப்ரேம் என்று நீங்கள் சொல்வதைத்தான் நாங்கள் சட்டம் என்போம். சுற்று தப்பக் கூடாது என்பதற்காக மனசுக்குள் 'தகதிமி, தகதிமி' என்று தாளம் போட்டுக்கொண்டே சுற்றுவேன். எதிரில் ராஜாவே பேசினாலும் என் காதில் விழாது.

டாக்கீஸ் மிஷினோ மோட்டாரில் ஓடுவது. செகண்டுக்கு இருபத்துநாலு சட்டம், குறைக்க வழியில்லை. பதினாறில் எடுத்ததை இருபத்துநாலில் ஓட்டினால் மகானும் கோமாளிதான். நான் மேனேஜரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன், மிஷின் ரூம் மூலையில் கிடக்கும், கையால் சுற்றுகிற பழைய கைமிஷினில் ஓட்டுங்கள் என்று. அவர் புரொபசரின் பழைய மாணவர்; அந்த மரியாதைக்குத்தான் படத்தையே போடச் சம்மதித்தார். "ஒரு ரீலுக்காக ரெண்டு மிஷின் பத்த வைக்கச் சொல்றீங்களா? படம் ஓடினா சரி, போங்க," என்று முடித்துவிட்டார்.

3. மணலில் பேச்சு

புரொபசர் ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதியில் வீடு. மனைவி காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்த நாட்டோடு சிநேகம், எந்த நாட்டோடு சண்டை என்பதை லண்டனில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள், சாவதற்கு மட்டும் நம் ஊர்ப் பையன்களைக் கப்பல் ஏற்றுகிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசுவார். கூட்டங்களில் பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது. காலேஜ் வேலையை அவரே விட்டுவிட்டார். அதோடு வீதியில் எதிர்ப்படுகிறவர்கள்கூட அவரைக் கண்டால் பஞ்சாங்கம் பார்க்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஒருநாள் அவரே ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"நான் பேசறதைப் படம் எடுப்பேளா?"

"சத்தம் வராதே சார். என் கேமரா ஊமை."

"நானும் இப்போ ஊமைதானே! பொருத்தம் பேஷா இருக்கே," என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். "ராகவன் பட்டாளத்துல சேர்ந்துட்டான். நான் வேண்டாம்னேன், அவன் கேக்கலை. எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்னு போச்சு. அடுத்த மாசம் லீவுல வரான், அப்புறம் கப்பல் ஏறிடுவான். நேர்ல சொன்னா சண்டைதான் வரும். அவன் சிநேகிதன் மூலமா வரச் சொல்லிடறேன். கொட்டகைன்னா பாதியில எழுந்து போக மாட்டான்."

"சத்தம் இல்லாம என்னத்தைப் புரிஞ்சுக்குவாரு?"

"நான் என்ன சொல்லுவேன்னு அவனுக்கு மனப்பாடம். சின்ன வயசிலேர்ந்து கேட்டு அலுத்துப் போனவன். எப்படிச் சொல்றேன்னு பாக்கட்டும். 'எப்பப் பாத்தாலும் கத்தறே, பைத்தியக்காரன் மாதிரி கத்தறே'ன்னுட்டுப் போனான். நான் கத்தறேனா, நிதானமாச் சொல்றேனா, அவனே பாத்துச் சொல்லட்டும்."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். சர்க்கார் திருந்தும் என்றெல்லாம் அவர் எதிர்பார்க்கவில்லை. தன்னைப் பிள்ளை ஒருதரம் சரியாகப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறவேண்டும், அவ்வளவுதான்.

கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றியிருந்த சமயம். கூட்டம் கூடினால் வம்பு என்று விடிந்ததும் போனோம். கண்ணுக்கு எட்டின மட்டும் மணல். கேமராவை நிறுத்தினேன். எதிரில் வேட்டியும் கோட்டுமாக அவர் ஒருத்தர்.

"யாரைப் பாத்துப் பேசறது?"

"லென்ஸைப் பாருங்க சார்."

"அதுக்குக் காது உண்டோ?" என்று கேட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். நான் தகதிமியில் இருந்தேன். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஆனால் ஆள் இல்லாத மணல்வெளியில் ஒரு மனிதர் கையை மெதுவாக உயர்த்தித் தாழ்த்தி அத்தனை மரியாதையோடு பேசியதைக் கண்ணால் பார்த்தேன்.

தன் பேச்சிலிருந்து அவரே எழுதிக் கொடுத்த சில வாக்கியங்களை நடுநடுவே எழுத்துக் கார்டாகச் சேர்த்து மதராஸுக்கு சென்சாருக்கு அனுப்பினேன். கார்டு அத்தனையையும் வெட்டிவிட்டார்கள். வாயசைப்பை விட்டுவிட்டார்கள். சத்தமில்லாத வாயால் சாம்ராஜ்யத்துக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருப்பார்கள்.

"ஒமக்கு ஒரு சட்டம், அவாளுக்கு ஒரு சட்டம். நடுவுல நான்," என்றார் புரொபசர்.

4. கைமிஷின்

சிரிப்பு நடந்த மறுநாள் காலையில் ஸ்டூடியோக் கதவைத் திறக்கிறேன், வாசலில் ராகவன் நிற்கிறார். கண்டோன்மெண்டில் சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்தாராம். மத்தியானம் ரயில்.

"நீங்கதானே எங்கப்பாவைப் படம் எடுத்தது?" என்றார், குரலில் கோபம் இருந்தது. "எதுக்கு அவரை அப்படிக் காமிச்சீங்க? எங்கப்பா அவ்வளவு வேகமாக் கை ஆட்டமாட்டார். நான் பாக்காததா?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கொட்டகை நிறைய ஜனத்தில் அது தப்பு என்று கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். விஷயத்தைச் சொல்லி, கையோடு டாக்கீஸுக்கு அழைத்துப் போனேன். ஆபரேட்டர் காதர் பாய்க்கும் முந்தின நாள் சம்பவத்தில் மனசு கேட்கவில்லை.

"மேனேஜர் வர்றதுக்குள்ள முடிச்சிரணும்ணே," என்று பழைய மிஷினைத் துடைத்து அதன் விளக்குக்குக் கார்பனைப் பற்றவைத்தார். "நீங்க உள்ள உக்காந்து பாருங்க. சுத்துறது எம் பொறுப்பு. ஊமைப்படம் ஓட்டுன கைதான் இது."

காலி கொட்டகையில் ராகவன் முன்னால் உட்கார்ந்தார். நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். திரையில் புரொபசர் வந்தார். இந்தத் தடவை நடந்து வந்தார். நின்றார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், பேசினார். கை மெதுவாக எழுந்து மெதுவாக இறங்கியது. மிஷினின் கரகர சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், ராகவன் பேசிக்கொண்டிருந்தார். முதலில் முணுமுணுப்பு, பிறகு நன்றாகவே கேட்டது. அப்பாவின் உதடு அசைய அசைய, இவர் வாயிலிருந்து வார்த்தை வந்தது. எந்த நாட்டோடு சிநேகம், எந்த நாட்டோடு சண்டை என்று யார் தீர்மானித்தது. எகிப்து எங்கே, மலேயா எங்கே, நம் பக்கத்து முசிறி எங்கே. நான் படம் எடுத்த பேச்சை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன், அதுவும் பட்டாள உடுப்பில் இருந்த ஒருவர் வாயால். புரொபசரின் கை உயரும்போதெல்லாம் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: "எங்களைக் கேட்டீர்களா?"

வெளிச்சம் போட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நேர்ல போயிட்டு வாங்களேன் தம்பி. பாலம் தாண்டினா வீடு," என்றேன்.

"போனா மறுபடி சண்டை வந்துடும் சார். இன்னிக்கு வேண்டாம். நான் பாத்தேன்னு சொல்லுங்க, போதும்."

5. உத்தர வீதியில்

மத்தியானம், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். புரொபசர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு மூட்டித் தளிகை ஆனதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

"அவன் சிரிச்சானா?"

"இல்ல சார். பேசினாரு." நடந்ததைச் சொன்னேன். "'எங்களைக் கேட்டீர்களா, எங்களைக் கேட்டீர்களா'ன்னு நீங்க பேசினதை அப்படியே சொன்னாரு."

புருவத்தைச் சுருக்கினார். "நான் அப்படிச் சொல்லலையே. பட்டாளத்துப் பசங்களைப் பத்தித்தானே பேசினேன்? 'அவர்களைக் கேட்டீர்களா'ன்னுதான் சொன்னேன். வருஷக் கணக்கா அதான் என் வாக்கியம்."

"எனக்குத் தெரியாது சார். நீங்க எழுதிக் கொடுத்ததுல அது இல்ல. எடுக்கறப்ப நான் தாளம் போட்டுக்கிட்டிருந்தேன். கொட்டகையில என் காதால கேட்டேன். தம்பி 'எங்களை'ன்னுதான் சொன்னாரு. ஒரு தரம் இல்ல, நீங்க கையைத் தூக்கறப்பல்லாம்."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இத்தனை நாளா அவன் சொன்னது எனக்குக் கேக்கலையே," என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராகவனின் மூன்று மணி வண்டி அந்நேரம் ஜங்ஷனை விட்டுப் போயிருக்கும்.

மலேயாவுக்குப் போன ராகவன் திரும்பி வரவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரீலை டப்பாவில் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். யாருக்காக எடுத்தீர்களோ அவர் பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். நாம் என்ன எடுத்தோம் என்பது நமக்கே அங்கேதான் தெரிகிறது.

யுத்தம் முடிந்து தடை நீங்கியதும் புரொபசர் முதல் கூட்டம் பேசினார். போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போட்டோவுக்குத் தாளம் வேண்டாம், அதனால் காது சும்மா இருந்தது. பேச்சின் நடுவில் அந்த வாக்கியம் வந்தது. கையை மெதுவாக உயர்த்தினார், ஒரு கணம் நிறுத்தினார். "எங்களைக் கேட்டீர்களா?" என்றார்.